சாந்தெமிலியோன்: கூட வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

போர்தோ பக்கம் குடியேறியதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் எங்கள் வீட்டில் விருந்தாளிகள் இருப்பார்கள். பாரிஸிலிருந்து வருபவர்கள், ஊரிலிருந்து முதல் தடவை விமானம் ஏறி வருபவர்கள், கல்லூரி முடித்த பிள்ளைகள் என்று எல்லோரையும் ஒரு நாளாவது சாந்தெமிலியோன் என்ற ஒயின் ஊருக்குக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. போகிற ரயிலில் தொடங்கி வருகிற ரயில் வரை கேள்விகள் வரும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி வைத்து, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

அந்த ஊர் பேரை எப்படிச் சொல்றது? எங்க இருக்கு?

எழுத்தைப் பார்த்து 'செயின்ட் எமிலியன்' என்பார்கள். பிரெஞ்சில் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொள்ளும்: சாந்தெமிலியோன். கடைசி 'ன்' மூக்கோடு நின்றுவிடும், நாக்கு மேலே தொடாது.

பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகரத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தோர்தோஞ் ஆற்றுக்கு வடக்கே ஒரு சுண்ணாம்புக் கல் மேட்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. போர்தோ சாந்த்ழான் நிலையத்திலிருந்து நேர் ரயிலில் முக்கால் மணி நேரம் கூட ஆகாது. நிலையம் ஊருக்கு வெளியே, கீழே இருக்கிறது. அங்கிருந்து இருபது நிமிடம் நடக்க வேண்டும், இரண்டு பக்கமும் திராட்சைக் கொடிதான். திரும்பி வரும் ரயில் நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வண்டி கிடையாது.

எமிலியோன்னா யாரு? ஒயின் செஞ்ச சாமியாரா?

இல்லை. அவர் ஒயின் செய்ததாக எந்தக் கதையிலும் இல்லை. 8-ஆம் நூற்றாண்டில் பிரித்தானிப் பகுதியின் வான் என்ற ஊரிலிருந்து வந்த துறவி அவர். இங்கே ஒரு குகையில் தங்கினார், 767-இல் இறந்தார் என்பது மரபு. அவரைப் பற்றிய கதைகளில் எனக்குப் பிடித்தது ரொட்டிக் கதை. பிரபுவின் வீட்டில் வேலை செய்தபோது ஏழைகளுக்காக ரொட்டியை அங்கிக்குள் மறைத்து எடுத்துப்போவாராம். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்து அங்கியைத் திற என்றபோது உள்ளே இருந்ததெல்லாம் விறகுக் கட்டை!

திராட்சை அவருக்கு முன்பே இங்கே இருந்தது, ரோமர் காலத்துச் சங்கதி. 4-ஆம் நூற்றாண்டில் போர்தோவில் வாழ்ந்த லத்தீன் கவிஞர் ஔசோனியுஸுக்கு இந்தப் பகுதியில் திராட்சைத் தோட்டம் இருந்தது. ஊர் விளிம்பில் இருக்கும் ஷாத்தோ ஓசோன் என்ற ஒயின் தோட்டம் அவர் பெயரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. அவருடைய வீடு அதே இடத்தில்தான் இருந்தது என்று அடித்துச் சொல்பவர்களை மட்டும் நம்ப வேண்டாம்.

நாங்க யாரும் குடிக்கிறதில்லை. அங்க வந்து என்ன பண்றது?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. கேட்டவர்களில் பாதிப் பேர், திரும்பும்போது இன்னொரு நாள் தங்கியிருக்கலாம் என்றார்கள். ஒயின் ஊர் என்றவுடன் குடித்துவிட்டு ஆடுகிற ஊர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது கல் வேலையும் விவசாயமும் சேர்ந்த ஊர். 1999-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது ஒரு தேவாலயத்தையோ மதிலையோ மட்டும் சேர்க்கவில்லை. ஊர், அதைச் சுற்றி ஏழு கிராமங்கள், நடுவில் இருக்கும் கொடிகள் எல்லாவற்றையும் ஒரே பண்பாட்டு நிலவெளியாகச் சேர்த்தது. திராட்சைத் தோட்டம் ஒன்று அப்படிச் சேர்க்கப்பட்டது அதுதான் முதல் முறை.

குடிக்காதவர்களுக்கு என் வழி இதுதான்: காலையில் பாறைத் தேவாலயம், பிறகு மணிக்கோபுரம், மதியம் கொடிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடை, மாலையில் மாக்கரோன் என்ற ஊர் பாதாம் பிஸ்கட். திராட்சைச் சாறு தரும் தோட்டங்களும் உண்டு, கேட்டால் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்.

ஒரே பாறையில குடைஞ்ச கோயில்னு சொன்னீங்களே, நிஜமாவே ஒரே பாறையா?

நிஜமாகவே. கற்களை அடுக்கிக் கட்டியது அல்ல, குடைவரை. 11-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சுண்ணாம்புக் கல் மேட்டுக்குள் மேலிருந்து கீழாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். நீளம் 38 மீட்டர். வெளியே சந்தை சதுக்கத்தில் நின்று பார்த்தால் பாறை முகப்பும் சில சன்னல்களும்தான் தெரியும். உள்ளே போனால் சதுரத் தூண்கள் கூரையைத் தாங்கி நிற்கும். ஈர வாடையும் ஜில்லென்ற காற்றும் சேர்ந்து வரும். சுவரில் உளி போன தடத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள், சீட்டு சுற்றுலா அலுவலகத்தில் வாங்க வேண்டும். அதே சுற்றில் எமிலியோன் தங்கியதாகச் சொல்லும் குகையும், 13-ஆம் நூற்றாண்டின் திரித்துவச் சிற்றாலயமும், புதைகுழிக் குகையும் வரும்.

எமிலியோன் குகையில் கல்லிலேயே வெட்டிய ஒரு இருக்கை இருக்கிறது. குழந்தை வரம் வேண்டும் பெண்கள் அதில் உட்கார்ந்து வேண்டிக்கொள்வார்கள். என் மாமியார் அதைக் கேட்டதும் வழிகாட்டி முடிப்பதற்குள் மருமகளைக் கைப்பிடித்து உட்கார வைத்துவிட்டார். நம்பிக்கைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

ஊருக்கு அடியில எல்லாமே குழியாமே? இடிஞ்சு விழுந்துடாதா?

பயம் நியாயமானது. இந்த ஊரையும் சுற்றியுள்ள மேட்டையும் பல நூற்றாண்டு தோண்டிக் கல் எடுத்திருக்கிறார்கள். சாந்தெமிலியோன் வீடுகள் அந்தக் கல், மதில் அந்தக் கல். படகில் ஏறித் தோர்தோஞ் வழியாகப் போர்தோவுக்குப் போனதும் அந்தக் கல். அதனால் தரைக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் சுரங்கப் பாதைகள் கிடக்கின்றன. கல் எடுத்து முடித்த சுரங்கத்தில் ஒரு காலத்தில் காளான் வளர்த்தார்கள். இப்போது பலவற்றில் ஒயின் பீப்பாய்கள் தூங்குகின்றன. வெயில் காலத்திலும் குளிரிலும் வெப்பநிலை பெரிதாக மாறாது என்பதால் இயற்கையே தந்த குளிர்பதன அறை அது.

குடைவரைத் தேவாலயத்துக்கு நேர் மேலே மணிக்கோபுரம் நிற்கிறது. உயரம் 68 மீட்டர். குடைந்து வெற்றிடமாக்கிய பாறையின் தலையில் அத்தனை எடையை ஏற்றியிருக்கிறார்கள். மழைநீர் ஊறித் தூண்களின் வலு குறைந்துவிட்டது என்று தெரிந்து, 1990-களில் இரும்புப் பட்டைகளாலும் தாங்கிகளாலும் தூண்களை இறுக்கினார்கள். உள்ளே போகும்போது அவற்றைப் பார்ப்பீர்கள். அழகைக் கெடுக்கிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அந்தப் பட்டைகள் இல்லாவிட்டால் நம்மை உள்ளே விட்டிருக்கவே மாட்டார்கள்.

அக்கா, அம்மாவுக்குக் கால் ஏலாது. அவவைக் கூட்டிக்கொண்டு வரலாமோ?

வரலாம், ஆனால் திட்டம் போட்டு வர வேண்டும். ஊர் இரண்டு தட்டு. மேல் ஊரையும் கீழ் ஊரையும் இணைக்கும் செங்குத்தான கல் சந்துகளுக்குத் 'தெர்த்ர்' என்று பெயர். வழவழவென்று தேய்ந்த உருண்டைக் கற்கள் பாவியிருக்கும். ஒரு தெர்த்ரில் பிடித்துக்கொள்ள நடுவிலேயே கம்பி போட்டிருக்கிறார்கள் என்றால் சரிவைப் புரிந்துகொள்ளுங்கள். மழை நாளில் என் அத்தை தோல் செருப்போடு இறங்கி, பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். மீதியை உட்கார்ந்தபடியேதான் இறங்கினார். ரப்பர் அடி உள்ள சப்பாத்து கட்டாயம்.

கால் முடியாதவர்களை வாடகை வண்டியில் மேல் ஊருக்கே கொண்டுபோய் இறக்குங்கள். மணிக்கோபுரத்துக்குப் பக்கத்துச் சதுக்கத்திலிருந்து கீழ் ஊரின் கூரைகளும் கொடிகளும் ஒரே பார்வையில் தெரியும். படி ஏற வேண்டாம். (ஏறுகிறவர்களுக்குக் கோபுரத்தில் 196 படிகள்.) குடைவரைக்குள்ளும் படிகள் உண்டு.

எந்த மாசம் வந்தா நல்லது?

செப்டம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரம். அறுவடையைக் கண்ணால் பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம். ஜனவரியில் பாதிக் கடை மூடியிருக்கும், ஆனால் கவாத்து செய்பவர்களைப் பார்க்கலாம். பனி மூட்டத்தில் வெட்டிய கொடிக்குச்சிகளை எரிக்கும் புகை மணம் எனக்கு அறுவடையை விடப் பிடிக்கும். அந்தக் குச்சித் தணலில்தான் இங்கே மாட்டிறைச்சி சுடுவார்கள்.

திராட்சைன்னா பந்தல் இருக்குமே, இங்க செடி இடுப்பளவுதான் இருக்கு? அதைப் பறிச்சுச் சாப்பிடலாமா?

பந்தல் கிடையாது. கம்பி கட்டி, வரிசை வரிசையாக, குட்டையாக வளர்க்கிறார்கள். ஒரு செடியில் நிறையக் குலை விடாமல், கொஞ்சமாக, நன்றாகப் பழுக்க வைப்பதுதான் நோக்கம். காய் அதிகமானால் ஜூலையில் பச்சைக் குலைகளையே வெட்டித் தரையில் போடுவார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு மனசு பதறியது.

பழம் சின்னது, நகம் அளவு. தோல் தடிப்பு, உள்ளே விதை. இனிப்பு அதிகம், கடித்தால் துவர்ப்பு நாக்கில் ஒட்டும். அந்தத் தோலின் துவர்ப்புதான் ஒயினுக்கு முதுகெலும்பு. கேட்டால் தோட்டக்காரர் ஒரு குலை தருவார். கேட்காமல் பறிக்காதீர்கள், அது அவர்களுடைய பயிர்.

திராட்சை ரகம் என்று பார்த்தால், முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக மெர்லோ, அடுத்தது கபெர்னே ஃப்ராங், கொஞ்சமாகக் கபெர்னே சோவிஞோன். மெர்லோ முந்திப் பழுக்கும், மிருதுவாக இருக்கும். கபெர்னே ஃப்ராங் பிந்திப் பழுக்கும், மணம் தரும். உள்ளூர்க் கிழவர்கள் அதை இன்னும் 'பூஷே' என்கிறார்கள்.

வரிசை முனையில எல்லாம் ரோஜாச் செடி வெச்சிருக்காங்களே, அழகுக்கா?

இப்போது பெரும்பாலும் அழகுக்குத்தான். பழைய வழக்கப்படி, சாம்பல் நோய் ரோஜாவில் முந்தித் தெரியும், கொடிக்கு மருந்து அடிக்க நேரம் கிடைக்கும்.

எல்லா ஊர்லயும்தான் திராட்சை விளையுது. இங்க மட்டும் என்ன விசேஷம்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முன்னால் சொன்ன கல் மறுபடி வருகிறது. மேட்டின் அடியில் இருக்கும் சுண்ணாம்புக் கல் ஒரு காலத்தில் கடலடி. நட்சத்திர மீனின் துணுக்குகள் அதில் படிந்திருப்பதால் அதற்கே அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தக் கல் பஞ்சு மாதிரி. குளிர்கால மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஆகஸ்டில் தரை வெடிக்கிறபோது மேலே இருக்கும் மெல்லிய களிமண்ணுக்குச் சிறுகச் சிறுக நீரை விடும். இங்கே வளர்ந்த கொடிகளுக்கு யாரும் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சுவதில்லை. கொடி குடிப்பது கல் சேமித்த தண்ணீரை. சில நிலவறைகளில் கூரைக் கல்லின் வெடிப்பு வழியாக மேலே இருக்கும் கொடியின் வேர் நூலாகத் தொங்குவதைக் காட்டுவார்கள். கீழே அதே தோட்டத்து ஒயின் பீப்பாயில். ஒரு கல், மேலே செடி, கீழே சாறு. இந்த ஊரைப் பற்றி நான் ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும் என்றால் அந்த வேரைத்தான் சொல்வேன்.

ஆனால் எல்லா நிலமும் அப்படி இல்லை. மேட்டின் சரிவில் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த மண். வடமேற்கில், பக்கத்து ஊரான பொமெரோல் எல்லையில், சரளைக் கல்: ஷெவால் பிளாங், ஃபிஷாக் என்ற பேர்பெற்ற தோட்டங்கள் இரண்டும் அங்கேதான். தெற்கே ஆற்றை நோக்கி இறங்கினால் மணல். 'சாந்தெமிலியோன் ஒயின் எப்படி இருக்கும்' என்று கேட்டால், எந்தச் சாந்தெமிலியோன் என்று திருப்பிக் கேட்பது இதனால்தான். மணலில் விளைந்தது இளசாகவே குடிக்க இலகு. மேட்டில் விளைந்ததற்குப் பத்து வருடம் பொறுக்க வேண்டும்.

சிவப்பு அங்கி போட்டுக்கிட்டு ஊர்வலம் போறாங்களே, பாதிரியாரா?

பாதிரியார் இல்லை, ஜுராத். 1199-இல் இந்தப் பகுதி இங்கிலாந்து அரசருக்குச் சொந்தமாக இருந்தது. இந்தப் பகுதிக்கு உரிமையுள்ள அகித்தேனின் எலினோர், இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றியை மணந்ததால் வந்த சொந்தம். அவர்கள் மகன் ஜான் அந்த ஆண்டு கொடுத்த சாசனம், ஊரின் பெரியவர்களுக்கு ஊரை ஆளும் உரிமையைத் தந்தது. நியாயம் பேசுவது, வரி, ஒயின் தரம் பார்ப்பது எல்லாம் அவர்கள் கையில். நல்ல பீப்பாய்க்கு ஊர் முத்திரையைச் சூட்டுக்கோலால் குத்துவார்கள். தேறாத ஒயினுக்கு முத்திரை கிடையாது.

பிரெஞ்சுப் புரட்சியோடு ஜுராத் ஒழிந்தது. 1948-இல் ஒயின் விவசாயிகள் அதை ஒரு சகோதரத்துவச் சங்கமாக மீட்டார்கள். இப்போது அதற்கு ஆட்சி அதிகாரம் இல்லை. ஜூனில் ஒரு விழா, செப்டம்பரில் அறுவடை அறிவிப்பு. வெள்ளை ரோமம் வைத்த சிவப்பு அங்கியோடு அரசர் கோபுரத்தின் 118 படி ஏறி, உச்சியிலிருந்து அறுவடை தொடங்கலாம் என்று கூவுவார்கள். வேஷம் என்று நினைத்துத்தான் நானும் முதலில் போனேன். ஒரு வாரம் கழித்து, அந்த அங்கிக்குள் இருந்தவர்களில் ஒருவரைச் சேறு படிந்த பூட்ஸோடு டிராக்டரில் பார்த்தேன். கையெல்லாம் திராட்சைக் கறை. அன்றிலிருந்து வேஷம் என்று சொல்வதில்லை.

நாங்க சுத்த சைவம். இந்த ஒயின் சைவமா? மாக்கரோன்ல முட்டை இருக்கா?

மாக்கரோனில் முட்டை வெள்ளைக்கரு உண்டு. பாதாம், சர்க்கரை, வெள்ளைக்கரு, அவ்வளவுதான். கடைகளில் பார்க்கும் கலர் கலரான இரட்டைப் பிஸ்கட் அல்ல இது. தட்டையாக, வெடிப்பு விட்டு, பொன்னிறத்தில், காகிதத்தில் ஒட்டியபடி வரும். 1620-இல் இங்கே மடம் அமைத்த உர்சுலின் கன்னியாஸ்திரிகளின் பக்குவம் என்பார்கள். போர்தோ பக்கத்துக் கன்னெலே என்ற சின்ன கேக்கில் முட்டை, பால், ரம் மூன்றும் உண்டு. கேட்காமல் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒயின் விஷயம் பலருக்குத் தெரியாது. சிவப்பு ஒயினின் கரடுமுரடான துவர்ப்பையும் கலங்கலையும் நீக்க, பழைய வழக்கப்படி வெள்ளைக்கருவை அடித்துப் பீப்பாயில் விடுவார்கள். 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டை. அது கசடை இழுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடும், ஒயினைத் தெளிய வைத்து எடுப்பார்கள். இப்போது களிமண் தூளோ பட்டாணிப் புரதமோ போடுபவர்களும், ஒன்றுமே போடாதவர்களும் இருக்கிறார்கள். சைவமா என்று நேரடியாகக் கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள்.

டேஸ்டிங் போனா ஊத்துறதை எல்லாம் குடிச்சே ஆகணுமா? மிச்சம் வெச்சா மரியாதைக் குறைவா?

குடிக்கவே தேவையில்லை. மேசையில் ஒரு சட்டியோ வாளியோ வைத்திருப்பார்கள், துப்புவதற்கு. நம் ஆட்களுக்கு அடுத்தவர் முன் துப்பக் கூச்சம். அங்கே தோட்ட உரிமையாளரே துப்புவார், அதுதான் அவர் வேலை. பார்ப்பது, முகர்வது, வாயில் சுழற்றுவது, துப்புவது. கோப்பையில் மிச்சமிருந்தால் அதிலேயே ஊற்றிவிடுங்கள். யாரும் முகம் கோண மாட்டார்கள்.

கார் ஓட்டுபவர் கண்டிப்பாகத் துப்ப வேண்டும். பிரான்சில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. தோட்டங்களுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். பெரும்பாலானவை குடும்பத் தோட்டங்கள், கதவைத் தட்டும்போது ஆள் வயலில் இருப்பார்.

கடையில பார்த்தா பாதிப் பாட்டில்ல 'கிரான் க்ரூ'ன்னு இருக்கு. எல்லாமே உசத்தியா?

இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 'சாந்தெமிலியோன் கிரான் க்ரூ' என்பது ஒரு விதிமுறைப் பெயர். சாதாரண சாந்தெமிலியோனை விட விளைச்சலைக் குறைத்து, கூடுதல் காலம் வைத்திருந்தால் அந்தப் பெயரைக் கேட்கலாம். நூற்றுக்கணக்கான தோட்டங்கள் அதை வைத்திருக்கின்றன. நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு.

அதே சொற்களோடு 'க்ளாசே' சேர்ந்தால்தான் தேர்வு செய்யப்பட்ட தோட்டம். அதற்கும் மேலே 'பிரெமியே கிரான் க்ரூ க்ளாசே', அதன் உச்சியில் 'ஆ' பிரிவு. 2022 பட்டியலில் மொத்தம் 85 தோட்டங்கள்: 14 பிரெமியே, 71 க்ளாசே. அந்த 14-இல் 'ஆ' பிரிவு இரண்டுக்குத்தான், பாவி, ஃபிஷாக். பாட்டிலில் 'மோந்தாஞ்', 'லுசாக்', 'ப்யூசெகென்', 'சாந்த்ழோர்ழ்' என்று முன்னால் போட்டு 'சாந்தெமிலியோன்' என்று முடிந்தால் அது பக்கத்து ஊர். விலை மலிவு, பல நேரம் கொடுத்த காசுக்கு அதுவே மேல். வீட்டுக்கு நான் வாங்குவது பெரும்பாலும் மோந்தாஞ்.

ஷெவால் பிளாங், ஓசோன் எல்லாம் இந்தப் பட்டியல்ல இல்லையாமே? தோத்துட்டாங்களா?

தோற்கவில்லை, அவர்களே விலகிவிட்டார்கள். 1955-இல் தொடங்கிய இந்தப் பட்டியலைப் பத்து வருடத்துக்கு ஒரு முறை திருத்துவது விதி. போர்தோவின் புகழ்பெற்ற 1855 ஒயின் தரப் பட்டியல் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. இங்கே தோட்டம் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். நல்ல யோசனைதான். ஆனால் இறக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006 பட்டியல் செல்லாமலே போனது. 2012 பட்டியலும் வழக்கில் சிக்கியது.

ஓசோனும் ஷெவால் பிளாங்கும் 2021-இல் விலகின. மதிப்பெண் போடும்போது மண்ணுக்கும் ஒயினுக்கும் உள்ள இடம் குறைந்து, விளம்பரத்துக்கும் சமூக ஊடகத்துக்கும் சுற்றுலா வசதிக்கும் இடம் கூடிவிட்டது என்பது அவர்கள் மனக்குறை. 2022 தொடக்கத்தில் ஆன்ஷெலுஸ் தோட்டமும் விலகியது. என் அபிப்பிராயம் கேட்டால், விலகியவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பத்து வருடத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்கப்படும் பட்டியல், கேள்வியே கேட்கப்படாத பட்டியலை விட மேல்.

அந்த 1855 பட்டியல்ல இந்த ஊர் ஏன் வரலை?

தரத்தால் அல்ல, வியாபாரத்தால். அந்தப் பட்டியலைப் போட்டது போர்தோ நகரத் தரகர்கள். அவர்கள் கைமாற்றியது பெரும்பாலும் போர்தோவுக்கு வடக்கே உள்ள மெதோக் பக்கத்து ஒயின். கரோன், தோர்தோஞ் இரண்டு ஆறுகள் நடுவே கிடந்தன. போர்தோவில் கரோன் மேல் முதல் பாலமே 1822-இல்தான் வந்தது. சாந்தெமிலியோன் ஒயினைப் பக்கத்து ஊரான லிபூர்ன் வணிகர்கள் விற்றார்கள், அவர்கள் உலகம் வேறு. பட்டியலில் இல்லாதவர்கள் ஒன்றுசேர்ந்து தம் வேலையைத் தாமே பார்த்தார்கள். 1884-இல் இங்கே ஒயின் விவசாயிகள் சங்கம் தொடங்கிவிட்டது.

கிணத்துக்குள்ள ஆள் ஒளிஞ்சிருந்த கதை உண்மையா?

உண்மை. புரட்சியின் பயங்கர காலத்தில், 1793-இல் பாரிஸிலிருந்து தப்பிய ஜிரோந்தன் கட்சித் தலைவர்கள் இங்கே வந்தார்கள். அவர்களில் குவாதே இந்த ஊர்க்காரர். அவருடைய உறவுப் பெண் தெரேஸ் பூக்கே, தன் வீட்டுக் கிணற்றின் பாதி ஆழத்தில் திறக்கும் குகையில் அவர்களை ஒளித்துவைத்தார். உணவுத் தட்டுப்பாட்டு நாட்கள். ஒருத்திக்கு அளந்து கிடைக்கும் உணவில் ஒளிந்திருந்தவர்களையும் காப்பாற்ற வேண்டும். முடிவு துயரம்: தப்பி வந்தவர்களில், 1794-இல் குவாதேயும் பார்பாருவும் போர்தோவில் கில்லட்டினுக்குப் போனார்கள், பெத்தியோனும் பூசோவும் வயலில் பிணமாகக் கிடந்தார்கள். தெரேஸுக்கும் கில்லட்டின்தான்.

ஊருக்கு அடியில் குழி என்று பயந்து கேட்டவர்களுக்கு மேலே பதில் சொன்னேன். அந்தக் குழி சில மாதம் சிலர் உயிரைக் காத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்ல யாராவது குடியிருக்காங்களா, இல்ல எல்லாமே கடைதானா? இவங்க எல்லாம் கோடீஸ்வரங்களா?

ஊராட்சி முழுக்கச் சேர்த்தே 2,000 பேருக்குக் குறைவு. மதிலுக்குள் அதில் ஒரு சிறு பங்குதான். மற்றவர்கள் கொடிகளுக்கு நடுவே சிதறி இருக்கிறார்கள். மாலை ஆறரைக்குச் சுற்றுலாப் பேருந்து போனதும் ஊர் மாறிவிடும். கதவு திறந்து நாற்காலியை வெளியே போட்டு உட்காருவார்கள். பேச்செல்லாம் மழை, பூஞ்சை, ஆள் கிடைக்கவில்லை. எந்த விவசாய ஊரிலும் கேட்கிற பேச்சு. முதலில் ஒட்ட மாட்டார்கள். கொடியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் ஒரு மணி நேரம் விடமாட்டார்கள்.

உச்சியில் இருக்கும் சில தோட்டங்களின் ஒரு ஹெக்டேர் நிலம் கோடிகளில் போகும். ஆனால் அந்த விலை வாரிசு வரியாகவும் திரும்பி வரும், அதனால் நிலத்தை விற்ற குடும்பங்கள் உண்டு. கீழே மணல் பக்கத்துச் சின்ன விவசாயி நிலைமை வேறு. பிரான்சில் சிவப்பு ஒயின் குடிப்பது குறைந்துகொண்டே வருகிறது. 2023-இல் போர்தோ பகுதியில் கொடியைப் பிடுங்கி எறிய ஹெக்டேருக்கு 6,000 ஈரோ உதவித்தொகையே கொடுத்தார்கள். பனியும் இருக்கிறது. 1956 பிப்ரவரியில் கொடிகள் வேரோடு செத்தன. 2021 ஏப்ரலில் இரவு முழுக்க வரிசைகளுக்கு நடுவே தீச்சட்டி ஏற்றி வைத்தார்கள். விடிகாலையில் அந்த வழியே போனபோது ஆயிரம் அகல் ஏற்றியது போல இருந்தது. போட்டோ எடுக்கப் போனை எடுத்தேன். வரிசை ஓரத்தில் போர்வை போர்த்தி நின்றவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே வைத்துவிட்டேன்.

ஊருக்கு ரெண்டு பாட்டில் எடுத்துட்டுப் போகலாமா?

இந்தியாவுக்குள் வரி இல்லாமல் ஆளுக்கு 2 லிட்டர் வரை. முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு தாராளமாகப் போகும். கைப்பையில் விடமாட்டார்கள். துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். நம் ஊர் வெயிலில் பரணில் போட்டுப் 'பழசாக்கலாம்' என்று நினைக்க வேண்டாம், வெந்துவிடும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்க வைத்து, ஒரு வருடத்துக்குள் திறந்துவிடுங்கள்.

வெயில் இப்படியே ஏறிக்கிட்டே போனா, இன்னும் அம்பது வருஷத்துல இங்க இதே ஒயின் இருக்குமா?

இதே ஒயின் இருக்காது. இப்போதே மாறிக்கொண்டிருக்கிறது. அறுவடை முந்தி வருகிறது. மெர்லோ வெயிலில் சர்க்கரையை வேகமாகச் சேர்க்கும் என்பதால், முன்பு பன்னிரண்டரை சதவீதமாக இருந்த ஆல்கஹால் அளவு இப்போது பல பாட்டில்களில் 14, 14.5. முன்பு சரியாகப் பழுக்காது என்று பயந்த கபெர்னே ஃப்ராங் இப்போது நன்றாகப் பழுக்கிறது. தண்ணீர் சேமிக்கும் சுண்ணாம்புக் கல் மேட்டுக்கு வறட்சி கொஞ்சம் தாங்கும். மணல் நிலத்துக்குத்தான் கவலை.

கடந்த குளிர்காலத்தில் நிலையத்திலிருந்து ஊருக்கு நடக்கும் வழியில் ஒரு வயலில் பழைய மெர்லோவைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். இந்த வருடம் அதே இடத்தில் விரல் தடிமனில் புதுக் கன்றுகள், ஒவ்வொன்றுக்கும் முயல் கடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறை. என்ன ரகம் என்று கேட்டேன். 'பூஷே' என்றார் நட்டுக்கொண்டிருந்தவர். முதல் அறுவடைக்கு இன்னும் மூன்று வருடமாவது ஆகும். அடுத்த கோடையில் வருபவர்களை அந்த வயல் வழியாகத்தான் கூட்டிப்போவேன்.